பாட்டன்மார் கடந்து வந்த பாம்பன் பாலம்



வயசான ஆட்கள் ஊர்க்கதை பேசும்போது "பாம்பன் பாலத்தத் தாண்டி வந்தோம்" என்று ஒரு வார்த்தை கட்டாயம் வந்து விழும். ஆனால் அந்தப் பாலம் எங்கே இருக்கிறது, யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று இளம் பிள்ளைகளிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் வருகிறது. சிலர் அது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் கட்டிய பாலம் என்கிறார்கள். சிலர் அது ராமர் கட்டிய அணை என்கிறார்கள். இரண்டும் இல்லை. ஆகவே இந்த இதழில் அந்தப் பாலத்தின் கதையை எங்களால் முடிந்த அளவு விளக்கமாக எழுதுகிறோம்.

முதலில் இடத்தைப் புரிந்து கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் ராமநாதபுரம் மாவட்டத்தில் தரை முடிகிற இடம் மண்டபம். அதற்கு எதிரே கடலுக்குள் இருப்பது ராமேஸ்வரம் தீவு. தீவின் இந்தப் பக்க முனையில் பாம்பன், அந்தப் பக்க முனையில் தனுஷ்கோடி. தனுஷ்கோடியிலிருந்து நம் தலைமன்னார் கடல் வழியாக ஏறக்குறைய 20 மைல். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் உள்ள கடல் கால்வாயின் மேலே போட்டதுதான் பாம்பன் பாலம். அது இந்தியாவையும் இந்தியாவையும்தான் சேர்க்கிறது. தனுஷ்கோடிக்கு அப்பால் பாலம் கிடையாது, கப்பல்தான்.

அப்படியிருக்க நம் ஆட்களுக்கும் அந்தப் பாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நிறைய உண்டு.

கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் பாய்மரத் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தார்கள். தண்ணீர் இல்லாமலும் பேதி, காய்ச்சல் கண்டும் வழியில் விழுந்து செத்தவர்கள் ஏராளம். பிறகு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் கொண்டு வந்தார்கள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் ஒரு கேம்ப் இருந்தது, இங்கே றாகமையில் ஒரு கேம்ப் இருந்தது. 1901 அளவில் தகர டிக்கெட் முறை வந்தது. தோட்டத்தின் அடையாளமும் நம்பரும் அடித்த ஒரு தகரத் துண்டை ஆளிடம் கொடுத்து விடுவார்கள். அந்தத் தகரத்தைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பழைய தகரப் பெட்டியின் அடியில் அப்படி ஒரு துண்டு கிடந்தால் பித்தளை, ஈயத்தோடு சேர்த்துப் பழைய சாமான்காரனுக்குப் போட்டு விடாதீர்கள். அது உங்கள் குடும்பம் வந்த பாதைக்குச் சாட்சி.

மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் பாதை 1902இல் வந்துவிட்டது. அதற்கப்பால் கடல். தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு ஒரு கணக்கு இருந்தது. கால்வாயைத் தாண்டி ரயிலை தனுஷ்கோடிக்குக் கொண்டு போய், அங்கிருந்து சின்னக் கப்பலில் தலைமன்னாருக்கு ஆளையும் சாமானையும் கடத்தி, அங்கே மறுபடி ரயிலில் ஏற்றிவிட்டால் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போகலாம். தோட்டங்களுக்கும் ஆட்களைச் சுருக்கமாகக் கொண்டு வரலாம். கடலில் உள்ள மணல் திட்டுகளின் மேலே நேராகத் தலைமன்னாருக்கே ரயில் பாதை போடும் யோசனையும் அப்போது இருந்தது. செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு அதை விட்டார்கள். (அந்த யோசனை அதற்குப் பிறகும் பல தடவை எழும்பி எழும்பி அடங்கியிருக்கிறது.)

1911இல் பாலத்து வேலை தொடங்கியது. 1914 பெப்ரவரி 24ஆம் திகதி ரயில் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். நீளம் 6,776 அடி, அதாவது இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கடலில் 143 தூண்கள். 40 அடி நீளக் கர்டர்களாக 145 கண்கள், நடுவில் கப்பல் போவதற்கு ஒரு பெரிய கண். இந்தியாவில் கடலுக்கு மேலே கட்டிய முதல் பாலம் இதுதான். 

அந்த நடுக் கண்ணைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மற்ற 145 கண்ணும் சாதாரணக் கர்டர், ஸ்டோர் கட்டிடத்தில் மேல் மாடியைத் தாங்குகிற இரும்பு உத்திரம் மாதிரித்தான். நடுக் கண் 225 அடி. அத்தனை நீளத்துக்கு வெறும் உத்திரம் போட்டால் அதன் பாரத்திலேயே அது வளைந்து போகும். அதனால் அதை முக்கோணச் சட்டங்களாக அமைத்தார்கள். முக்கோணம் ஏன் என்று தெரிய வேண்டுமானால் வீட்டில் சும்மா கிடக்கிற நாலு ரீப்பைத் துண்டை எடுத்து மூலைக்கு ஓர் ஆணி அடித்து ஒரு சதுரம் செய்து பாருங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளினால் சப்பையாகச் சாய்ந்து விடும். மூன்று துண்டில் முக்கோணம் செய்து தள்ளுங்கள். ரீப்பை உடைந்தால் உடையுமே தவிர சாயாது. அந்தச் சதுரத்துக்குக் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு ரீப்பை அடித்தால் சதுரமும் இறுகி நின்றுவிடும், ஏனென்றால் அது இரண்டு முக்கோணமாகி விட்டது. லயத்துக் கூரையின் கைமரம், ஸ்டோர்க் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம், பெரிய ஆறுகளின் மேல் உள்ள பழைய இரும்புப் பாலங்கள் எல்லாம் இந்த ஒரே சங்கதியில்தான் நிற்கின்றன. பாரம் வரும்போது சில சட்டங்கள் நெருக்கப்படும், சில சட்டங்கள் இழுபடும், எதுவும் வளையத் தேவையில்லை. குறைந்த இரும்பில் நீண்ட தூரம் தாண்டலாம்.

சரி, பாலம் நின்றுவிட்டது, கப்பல் எப்படிப் போகும்? கால்வாய் வழியாகத் தோணியும் சிறு கப்பலும் போய் வந்து கொண்டிருந்தன, அதை அடைக்க முடியாது. அமெரிக்காவில் சிக்காகோ நகரில் ஷெர்சர் என்ற பொறியியலாளர் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். அவர் 1893இலேயே இறந்து போனார், அவருடைய சகோதரர் கம்பெனியை நடத்தினார். அந்த முறையில்தான் பாம்பன் நடுக் கண்ணைச் செய்தார்கள். இரும்பு வேலை செய்தது இங்கிலாந்தில் உள்ள ஹெட் ரைட்சன் கம்பெனி.

அது எப்படி வேலை செய்கிறது என்றால், நடுக் கண் ஒரே துண்டு இல்லை, இரண்டு இலை. ஒன்று மண்டபத்துப் பக்கம், மற்றது பாம்பன் பக்கம். ஒவ்வொன்றும் 400 டன்னுக்கு மேல். இலையின் அடிப்பக்கம் ஆடும் நாற்காலியின் காலைப் போல வளைவாக இருக்கும். அந்த வளைவுக்கு மேலே பெரிய பாரம் ஒன்றை வைத்திருப்பார்கள். இலையைப் பின்பக்கம் உருட்டினால் பாரம் கீழே இறங்க, முன்பக்கம் மேலே எழும்பும். நம்முடைய ரயில் பாதைகளில் பழைய காலத்து ரயில் கேட்டைப் பார்த்திருப்பீர்கள். நீளமான கம்பு ஒரு பக்கம், கட்டையான பக்கத்தில் ஓர் இரும்புக் குண்டு. அந்தக் குண்டு இருப்பதால் ஒரே ஆள் அவ்வளவு நீளக் கம்பைத் தூக்கி விடுகிறார். பாம்பனிலும் அதே கணக்குத்தான், அளவுதான் பெரிசு. மோட்டார் கிடையாது. இரண்டு கரையிலும் ஆட்கள் நின்று பற்சக்கரத்தைக் கம்பியால் தள்ளித் தள்ளிச் சுற்றுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு இலையும் இரண்டு கை கும்பிடப் பிரிந்தது போல வானத்தைப் பார்த்து எழும்பும். கப்பல் போனபின் திரும்ப இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் ரயிலுக்குச் சிக்னல். 100 வருஷத்துக்கு மேலாக இந்த வேலையைக் கையால் செய்தவர்கள் ரயில்வேத் தொழிலாளர்கள். பாலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஷெர்சர் துரையின் பெயரைச் சொல்கிறார்கள், அந்தச் சக்கரத்தைத் தள்ளியவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. தோட்டத்திலும் அப்படித்தானே, மலையைத் திறந்த துரையின் பெயரில் டிவிஷன் இருக்கும்.

1914இல் பாலமும் திறந்து, தலைமன்னார்ப் பாதையும் திறந்து, கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற மூன்று நீராவிக் கப்பல்களும் ஓடத் தொடங்கின. சென்னை எழும்பூரிலிருந்து வந்த ரயிலுக்கு போட் மெயில் என்று பெயர். அதில் வெள்ளைக்காரர்களும் வியாபாரிகளும் வந்தார்கள். நம் ஆட்கள் வந்த விதம் வேறு. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் கங்காணி சேர்த்த ஆட்களை மண்டபம் கேம்பில் இறக்குவார்கள். அது இலங்கை அரசாங்கம் நடத்திய கேம்ப். நோய் ஏதும் உண்டா என்று நாள் கணக்கில் வைத்துப் பார்த்து, அம்மைப்பால் கட்டி, துணிமணியை மருந்தில் போட்டு எடுத்துத்தான் விடுவார்கள். வெளியே வந்ததும் ரயில் ஏறினால் அடுத்தது பாம்பன் பாலம். பக்கத்தில் சுவரோ வேலியோ இல்லாத ஒற்றைப் பாதை. கீழே பார்த்தால் சிலிப்பர்க் கட்டையின் இடைவெளியில் கடல். பொறந்த ஊர்க் குளத்தைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்திராத சனத்துக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! ரயில் அந்த இடத்தில் ஊர்ந்துதான் போகும். பிறகு தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார், பொல்காவலை, அங்கிருந்து மேலே கண்டிச் சீமை.

1939 ஓகஸ்டில் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆட்கள் இலங்கை போவதைத் தடுத்தது. அத்தோடு புது ஆள் வருவது நின்றது. ஆனாலும் குல தெய்வத்துக்குப் பொங்கல் வைக்க, பொண்ணு எடுக்க, சாவு வீட்டுக்கு என்று போக்குவரத்து நிற்கவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் இந்தப் பாதை வேறு பாதையாக மாறத் தொடங்கியது.

1964ஆம் வருஷத்தை இரண்டு காரணத்துக்காக நாம் மறக்க முடியாது. ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடில்லாதவர்கள் என்று கணக்கிட்ட 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுப்பது, 3 லட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்பது என்று முடிவு. கொழுந்து எடுத்துக் கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அதன் பின் இரண்டு மாதம் கூடத் திரும்பவில்லை, டிசம்பர் 22ஆம் திகதி இரவு புயல் வந்தது.

அந்தப் புயல் நம் பக்கத்தில் மன்னார், வவுனியா பகுதியையும் அடித்தது. அந்தக் கரையில் தனுஷ்கோடியையே இல்லாமல் ஆக்கிவிட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை, ஸ்டேஷனைத் தொடுவதற்குக் கொஞ்ச தூரத்தில், கடல் அலை எழும்பி வாரிக் கொண்டு போனது. அதில் இருந்த 100க்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஸ்டேஷன், கோயில், தேவாலயம், தபால் கந்தோர், வீடுகள் எல்லாம் போச்சு. சென்னை அரசாங்கம் அந்த ஊரை மனிதர் குடியிருக்கத் தகாத இடம் என்று அறிவித்தது.

பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலில் விழுந்தன. நடுவில் இருந்த ஷெர்சர் கண் மட்டும் தூண்களின் மேலே நின்றது. "அந்தப் புயலில் பாலம் முழுக்கப் போச்சு" என்று சொல்வது அதனால் முழு உண்மை இல்லை. அதைத் திருத்த ரயில்வே முதலில் 6 மாதம் தவணை கொடுத்தது, பிறகு 3 மாதமாகக் குறைத்தது. பொறுப்பை ஏற்றவர் ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளர், கேரளத்துக்காரர், அப்போது வயது 32. புதுக் கர்டர் செய்து வரும் வரைக்கும் காத்திராமல், கடலில் விழுந்ததைத் தேடிப் பிடித்துத் தூக்கித் திரும்பத் தூண் மேல் ஏற்றினார்கள். 46 நாளில் ரயில் ஓடியது. அவர்தான் பின்னாளில் கொங்கண் ரயில் பாதையையும் டில்லி மெட்ரோவையும் கட்டியவர்.

இங்கே எங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லி விடுகிறோம். அந்தப் பாலத்தைத் திருத்தாமல் விட்டிருந்தால் ஒப்பந்தப்படி ஆட்களை அனுப்ப வேறு வழி தேட வேண்டியிருந்திருக்கும். 46 நாளில் திருத்தியதை உலகம் பாராட்டுகிறது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாலத்தின் மேலேதான் அடுத்த 20 வருஷம் நம் சொந்த பந்தங்கள் பிரிந்து போனார்கள்.

தனுஷ்கோடி அழிந்ததால் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் இங்கே 1967இல் வந்தது. அதன் பிறகு கூட்டம் கூட்டமாகப் போனார்கள். தோட்டத்து ஸ்டேஷனில் அழுகைச் சத்தம், தலைமன்னாரில் சுங்கம், ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், பிறகு ரயிலில் பாம்பன் பாலத்தைத் தாண்டி மறுபடியும் அதே மண்டபம் கேம்ப். பாட்டன் தகரத்தோடு வெளியே வந்த கேம்புக்குள் பேரப்பிள்ளை பாஸ்போர்ட்டோடு உள்ளே போனது. அப்போது தீவிலிருந்து தரைக்கு வர ரயில் பாலத்தைத் தவிர வேறு பாலமும் இல்லை. பக்கத்தில் உள்ள வாகனப் பாலம் 1988 ஒக்டோபரில்தான் திறந்தது. மண்டபத்திலிருந்து ஒரு பகுதியினரை நீலகிரிக்கு அனுப்பினார்கள். அங்கே 1968இல் தமிழ்நாடு அரசாங்கம் இவர்களுக்காகவே தேயிலைத் தோட்டம் தொடங்கியது, டான்டீ என்பார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் நம் ஆட்களுக்கு இன்றைக்கும் சிலோன்காரர் என்றுதான் பேர். இங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரன், அங்கே போனால் சிலோன்காரன். மற்றவர்களைப் பல ஊர்களுக்கும் பிரித்து விட்டார்கள். எத்தனையோ குடும்பத்தில் அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே. முதல் இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு விலாசம் மாறியது, அத்தோடு சரி.

1984இல் யுத்தம் காரணமாகக் கப்பல் நின்றது. ஒப்பந்தப்படி பாஸ்போர்ட் வாங்கியும் போகாமல் இங்கேயே தங்கியவர்கள் பல ஆயிரம். அவர்களுடைய பிரஜாவுரிமை விஷயம் 2003ஆம் வருஷத்துச் சட்டத்தில்தான் பெரும்பாலும் தீர்ந்தது. தலைமன்னார் ரயில் பாதையும் 1990இல் நின்று போய், 2015 மார்ச்சில்தான் திரும்ப ஓடியது.

பாலம் மட்டும் தன் வேலையைச் செய்து கொண்டிருந்தது. அதற்கு எதிரி புயலை விட உப்புக் காற்று. நனைந்த இரும்பு துருப்பிடிக்கும், உப்புப் பட்டால் பல மடங்கு வேகமாகப் பிடிக்கும். துரு இரும்பை விடப் பருத்துச் செதில் செதிலாக உதிரும், உதிர்ந்ததும் உள்ளே உள்ள இரும்பு காற்றுக்குத் தெரியும், அதுவும் துருவாகும். அதனால் ஒரு முனையில் தொடங்கிச் சுரண்டிப் பெயின்ட் அடித்து மறுமுனைக்குப் போவதற்குள் தொடங்கிய இடம் திரும்பவும் கேட்கும். இரும்பு ரொம்பக் கெட்டுப் போகிற இடங்களில் உலகத்திலேயே இதுவும் ஒன்று. 2007இல் மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக்க அதே தூண்களைப் பலப்படுத்திக் கொண்டார்கள். 2013 ஜனவரியில் கட்டறுந்து வந்த ஒரு படகு பாலத்தில் மோதித் தூணுக்குச் சேதம். 2018 டிசம்பரில் தூக்குக் கண்ணில் வெடிப்பு கண்டு சில மாதம் ரயிலை நிறுத்தினார்கள். கடைசியாக 2022 டிசம்பர் 23ஆம் திகதியோடு பழைய பாலத்தில் ரயில் நின்றது. 1914க்கும் 2022க்கும் கணக்குப் பார்த்தால் 108 வருஷம்.

பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் திகதி திறக்கப்பட்டது. இதில் இலை பிரிவதில்லை. 72.5 மீட்டர் நீளமான நடுக் கண் முழுவதும் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே, படுத்தபடியே 17 மீட்டர் உயரத்துக்கு மேலே போகும். கிணற்று வாளியைக் கப்பியில் இழுப்பது போலத்தான், மறுமுனையில் சம பாரம் தொங்குகிறது. மின்சார மோட்டார் இழுக்கிறது, கையால் தள்ளுகிற வேலை இல்லை.

அந்தக் கரையில் உள்ள உறவுகளைத் தேட விரும்புகிற குடும்பங்கள், வீட்டில் இருக்கிற பழைய கடிதம், இந்தியப் பாஸ்போர்ட் பிரதி, கேம்பில் கொடுத்த அட்டை எது இருந்தாலும் நலன்புரி அறைக்குக் கொண்டு வாருங்கள். போனவரின் பெயர், தகப்பன் பெயர், போன வருஷம், தோட்டத்தின் பெயர், எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்று தெரிந்தவரைக்கும் ஒரு தாளில் எழுதி எடுத்து வந்தால் கடிதம் எழுத நாங்கள் உதவுவோம். 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. அதில் போகப் பாஸ்போர்ட்டும் இந்திய விசாவும் வேண்டும். காலநிலை பார்த்துத்தான் கப்பல் ஓடுகிறது, ஆகவே பணத்தைக் கட்டுவதற்கு முன் நாளை விசாரித்துக் கொள்ளுங்கள்.